நான் பாய்ந்து ஆடிய ஒரே ஆட்டம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தைப் படிக்கிறவர்களுக்குக் கண் வலிக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் அதிகம் எழுதியது மரப்பெட்டிகளின் மேல்தான். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட வேண்டும். என் எழுத்தை நாலைந்து நாள் பார்த்த பேக்கிங் இன்சார்ஜ், "நீ அம்பு மட்டும் போடுப்பா, அது போதும்" என்று சொல்லிவிட்டார். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் சின்னதையே போட்டிருக்கிறேன். அது கொஞ்சம் இடம்தான் பிடிக்கும்.

நான் வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில். பேக்கிங் பிரிவு, காண்ட்ராக்ட் ஆள். சாமானைப் பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, பட்டை போட்டு லாரிக்கு அனுப்ப வேண்டும். பெட்டி நம்மை எதுவும் கேட்காது. அதனால் அந்த வேலை எனக்கு மிகவும் ஒத்துப்போனது.

என் கூச்சம் சாதாரணக் கூச்சம் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். அங்கே தெரிந்தவர் யாராவது நின்றால், வேண்டுமென்றே அங்கு வந்தவன் போல ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், நாங்கள் கிளம்பும்போது என் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்குப் பேச்சு வருமில்ல?" என்று கேட்டார்கள். இப்படியே எனக்கு முப்பத்து நாலு வயது ஆகிவிட்டது.

சொந்த ஊர் சேரப்பணஞ்சேரிதான் என்றாலும், ஷிப்டு வசதிக்காகக் கம்பெனிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். கூட இருந்தவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவன். டிப்ளமோ படித்தபோது காலேஜ் செஸ் டீமில் இருந்தவன். ஊரிலிருந்து வரும்போது துணிமணியோடு ஒரு செஸ் பலகையும் கொண்டுவந்திருந்தான். அவனோடு ஆடுவதற்கு அந்தத் தெருவில் யாரும் கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன், மறுத்துப் பேச எனக்குக் கூச்சம் என்பதால்.

காய்கள் எப்படிப் போகும் என்று கற்றுக்கொண்ட பிறகும் நான் தினமும் தோற்றேன். ஒருநாள் அவனே இரக்கப்பட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க சுபாவத்துக்குன்னே ஒரு ஆட்டம் இருக்கு. பிரெஞ்சு டிஃபென்ஸ். ஒண்ணும் செய்ய வேண்டாம். கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தாப் போதும்."

பிரெஞ்சு என்றதும் நான் பாண்டிச்சேரிக்காரர்கள் ஆடுவது என்று நினைத்துக்கொண்டேன். அது கறுப்புக் காய் வைத்திருப்பவனின் ஆட்டம். வெள்ளைக் காய்க்காரர் தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் ஓட்டிக்கொண்டு வருவார். பதிலுக்கு நாம் நம் ராஜாவின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்த வேண்டும், யார் வந்திருப்பது என்று கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்ப்பது போல. அடுத்து ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுவர் மாதிரி நிற்கும். எதிராளி முட்டுவார், மோதுவார், நாம் உள்ளே சௌகரியமாக இருக்கலாம். இதில் ஒரே ஒரு நஷ்டம், ராணிக்குப் பக்கத்தில் நிற்கும் மந்திரி நம் சிப்பாய்களாலேயே அடைபட்டு, வெளியே வர வழியில்லாமல் கிடப்பார்.

"பிரெஞ்சுல பாவப்பட்ட ஆளு இவருதான்" என்றான்.

எனக்கு அந்த மந்திரியைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

அந்த வருடம், அதாவது 2001, ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கேரம், செஸ், கோலம் எல்லாம் போட்டி வைத்தார்கள். என்னைக் கேட்காமலே அறை நண்பன் செஸ்ஸுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டான். பெயரை எடுத்துவிடச் சொல்லி ஆபீசில் போய்க் கேட்பதைவிட ஆடித் தோற்பது சுலபம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் தோற்கவும் முடியவில்லை. முதல் ஆட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தில். எதிரே ஸ்டோர்ஸ்காரர். நான் சுவர் கட்டிக்கொண்டிருந்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யோவ், நீயே ஜெயிச்சதா போட்டுக்கோ, எனக்குப் பசிக்குது" என்று எழுந்து போய்விட்டார். அடுத்தவர் எரிச்சலில் ராணியைத் தூக்கி என் குதிரையின் வாயில் வைத்தார். அரையிறுதிக்கு வர வேண்டியவருக்கு நைட் ஷிப்டு மாறிவிட்டது. இப்படியாக நான் ஃபைனலுக்கு வந்தேன். யாரையும் தோற்கடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதே சமயத்தில்தான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் கார்மெண்ட்ஸில் தையல் வேலை. அப்பா இல்லை, தாய்மாமன்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர். அக்கா என்னைப் பார்க்க அறைக்கே வந்துவிட்டாள்.

"கம்பெனி வேலன்னு சொல்லிகினு நெறைய பேரு ஏமாத்தறானுங்களாம். அதனால ஆயுத பூஜ அன்னிக்கி அந்த மாமா நேர்லயே வந்து பாக்கறாராம். அன்னிக்கிதான் வூட்டாளுங்களையெல்லாம் உள்ள வுடுவாங்களாமே?"

"வந்தா என்கிட்ட வந்து பேசுவாராக்கா?"

"பேச மாட்டாரு. நீ எப்டி நடக்கற, எப்டி குந்தற, நாலு பேரு எதிர்ல எப்டி கீறேன்னு தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயிடுவாரு. வெள்ள வேட்டி, வெள்ள சட்ட, பெரிய மீச. பாத்தா மரியாதையா நடந்துக்கோ." கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள். "இன்னாடா, கேக்குதா? இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் இனிமே உனக்காக எவன் வூட்டு வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்காகப் போய் நிற்க அவளைவிட்டால் யாரும் கிடையாது. நானே போய் நிற்பேன் என்று என்னாலேயே நம்ப முடியாது.

ஆயுத பூஜை அன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்றும் மாலையும். பஸ் நிற்கும் இடத்தில் ஷாமியானா போட்டு, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தன் மிஷினைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசையைத் தேடினேன். பண்டிகை நாள் இல்லையா, வந்திருந்த பெரியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். மீதிப் பேருக்கு மீசை மட்டும் சின்னது.

ஃபைனல் ஷாமியானாவின் நடுவில் நடந்தது. எதிராளி பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர். நல்ல மனிதர், எதையும் வேகமாகச் செய்கிறவர். டாஸில் வெள்ளைக் காய் அவருக்குப் போனது. கறுப்பு எனக்கு என்றதும் பாதி பயம் குறைந்தது. அவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் ஓட்டினார். நான் கதவைக் கொஞ்சம் திறந்தேன். அவர் இன்னொன்றை ஓட்டினார். நான் சுவரைக் கட்டினேன். அவர் மேலே முட்டிக்கொண்டு வந்தார். நான் ராணியைப் பக்கவாட்டில் கொண்டுபோய், ஒரு குதிரையை உள்ளுக்குள்ளேயே நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மந்திரி வழக்கம்போல அடைபட்டிருந்தார்.

"இன்னா பாஸ், வூட்டுக்குள்ளயே இருந்தா எப்டி? வெளிய வாங்க பாஸ்" என்று சூப்பர்வைசர் சிரித்தார். ஆனால் காலை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். ஸ்டோர்ஸ்காரரும் இப்படித்தான் ஆட்டினார்.

அப்போதுதான் அவர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதுவரை போகும் மீசை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக்கூட விடாமல் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

மாமா வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது. வியர்த்தது. இன்னும் ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினேன்.

"இன்னாபா இது, அப்பிடியே குந்திகினு கீறான்?" என்றார் அவர், பக்கத்தில் இருந்தவரிடம்.

"டிஃபென்ஸ் ஆடறாருங்க. அப்டித்தான் மெதுவா போவும்."

"டிபென்ஸாவது ஒண்ணாவது! சட்டுபுட்டுனு ஒரு முடிவு வேணாமா? ஆம்பளயா லட்சணமா எறங்கி ஆடுப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் கல்யாணம் கழுவி ஊற்றப்படுவது எனக்குக் கேட்டது. பிள்ளைப்பாக்கத்தில் போய் என்ன சொல்வார்? பையன் அசையவே மாட்டேன் என்கிறான், எதைக் கண்டாலும் பயம், ஒருநாளும் உருப்பட மாட்டான். அக்கா முகம் வந்து போனது. எதிரே நின்ற அறை நண்பன் என் கண்ணைப் பார்த்தே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு, 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினான்.

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, வீரத்துக்கு அது தேவை என்று தோன்றியது. ராஜாவின் இடதுபக்கம் காவல் நின்ற ஒரு சிப்பாயை முன்னால் தள்ளினேன். அடுத்த முறை அதற்குப் பக்கத்தில் நின்றதை இரண்டு கட்டம் தள்ளினேன், கட்டை டொக் என்று சத்தம் போடும்படி. சூப்பர்வைசரின் கால் ஆடுவது நின்றது. பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் குதிரையை எடுத்து என் சிப்பாயைத் தின்றுவிட்டு, அந்தக் குதிரையை எனக்குச் சும்மாவே நீட்டினார்.

"அண்ணாச்சி!" என்றான் நண்பன்.

நான் குதிரையைத் தின்றேன். மாமா பார்க்க வேண்டும் என்று அதைக் கொஞ்ச நேரம் உயர்த்திப் பிடித்துவிட்டுக் கீழே வைத்தேன். வெள்ளை ராணி குறுக்கே வழுக்கிக்கொண்டு வந்து செக் வைத்தாள். சுவர் இருந்த இடம் இப்போது வாசலாகக் கிடந்தது. என் ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு ஓடினார். அங்கே ஒரு மந்திரி செக். அங்கிருந்து ஓடினார். சாமி ஊர்வலம் போல என் ராஜாவைத் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவர் ஒதுங்க ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. அதில் என் மந்திரி, ஆரம்பத்தில் நின்ற அதே இடத்தில், வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"செக் மேட் பாஸ்" என்றார் சூப்பர்வைசர், துக்கம் விசாரிப்பது போல.

"முடிஞ்சிதா? அப்பாடா!" என்றார் பின்னால் நின்றவர். சூப்பர்வைசர் எழுந்ததும் மாமா அந்த நாற்காலியை எடுத்து மடக்கினார். அதன்பிறகு என்னுடையதையும் மடக்கினார்.

எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு பணிவு! பெண் வீட்டு மாமா நாற்காலி மடக்கிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையாகப் போகிறவன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதா? ஆட்டத்தில் போன மானத்தை மரியாதையில் பிடித்துவிடலாம் என்று ஓடிப்போய் அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"நீங்க வுடுங்க மாமா. நான் எடுக்கறேன்."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்டியா? அந்தாண்ட கெடக்கறதையும் எடு."

எடுத்தேன். வரிசை வரிசையாக எடுத்தேன். வெளியே நின்ற மினி லாரியில் ஏற்றினேன். இவ்வளவு வசதியா இவர்களுக்கு, சொந்த லாரியே இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். மேஜைகளை ஏற்றினேன். "டேய், கயிற இழுத்துக் கட்டு" என்றார், கட்டினேன். உரிமையோடு 'டேய்' என்கிறார், சம்பந்தம் முடிந்த மாதிரிதான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கோ ஒரே சந்தோஷம்.

எல்லாம் முடிந்ததும் அவர் என் தோளைத் தட்டினார். "நல்லா வேல செய்யறபா. நாளைக்கி குன்றத்தூர்ல ஒரு கல்யாணம் கீது. வந்துடறியா?"

குடும்பத்துக் கல்யாணத்துக்கே கூப்பிடுகிறார்! "வந்துடறேன் மாமா."

"காலைலயே வந்துடு. ரெண்டு வேள சோறு போட்டு, கூலியும் கையில குடுத்துடறேன்."

கூலி என்ற சொல் என் காதுக்குள் போய், உட்கார இடம் கிடைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதற்குள் அறை நண்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, இங்க என்னத்த செய்யுதிய? பொண்ணோட மாமா சுண்டல் குடுக்குற எடத்துல அவ்வளவு நேரமும் இருந்திருக்காவ. ஒங்களக் காட்டச் சொல்லி செக்யூரிட்டிட்ட கேட்டிருக்காவ. அவரு 'அந்தா லாரில சேர் ஏத்துதாரே, அவருதான்'னு கையக் காட்டிட்டாரு. ஒண்ணும் பேசாம போயிட்டாவ!"

நான் மாமா என்று நினைத்த ஷாமியானாக்காரருக்கு மறுநாள் குன்றத்தூருக்குச் சாமான் போக வேண்டியிருந்தது. அதனால்தான் என் நாற்காலியை அவ்வளவு கவலையோடு பார்த்திருக்கிறார்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்துக்கு அக்கா போன் செய்து என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாடா பண்ணி வெச்ச? பையன் கம்பெனியில இல்ல, பந்தல்காரன்கிட்ட சேர் தூக்கறான், பொய் சொல்லிட்டீங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லி அனுப்பிட்டாங்க."

"அக்கா, அது வந்து..."

"எனக்கு எதுவும் சொல்லாத. சொல்றதா இருந்தா அங்க போயி சொல்லு." போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க பெட்டிகளில் அம்பைத் தலைகீழாகப் போட்டுத் திட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி யூனிஃபார்ம் போட்டேன். ஷூ போட்டேன். கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டினேன். லீவு நாளில் இந்தக் கோலத்தில் பிள்ளைப்பாக்கத்தில் இறங்கி நடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டு வாசலில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, மீசை. நிமிர்ந்து பார்த்தவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"நாங்க சேர் எதுவும் சொல்லலியேபா?"

திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. ஷூ கனமாக இருந்ததால் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்தேன். திறந்தது மூடவில்லை. கம்பெனி, பேக்கிங், காண்ட்ராக்ட் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஐ.டி. கார்டைக் காட்டினேன். பிரெஞ்சு டிஃபென்ஸ் என்றால் என்ன என்று ஆரம்பித்து, பின்னால் மீசையோடு ஒருவர் வந்து நின்றது, நான் குதிரையைத் தின்றது, என் ராஜாவைத் தெருத்தெருவாக ஓட்டியது, நாற்காலி தூக்கியது, குன்றத்தூர்க் கல்யாணம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு பேசியதில்லை.

மாமா பேப்பரை மடக்கினார். "அப்போ அந்த சேர்காரனப் பாத்து நாந்தான்னு நெனச்சிகினியா?"

"ஆமாங்க."

"அவனுக்கும் எனக்கும் ஒரே மூஞ்சியா?"

"மீசை மட்டுங்க. உங்களுது இன்னும் நல்லா கீது."

உள்ளேயிருந்து அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு ஒரு சொம்புத் தண்ணீரோடு பெண் வெளியே வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொம்பும் அதைப் பிடித்த கையும்தான் தெரிந்தன. ஊசி குத்திய விரல் ஒன்றில் துணி சுற்றியிருந்தது.

"மாமா, இவரு பொய் சொல்ற ஆளு இல்ல. பொய் சொல்றதா இருந்தா இத்தினி அசிங்கத்தையும் எவனாவது சொல்லுவானா?" என்றாள்.

மாமா மீசையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மறுபடியும் போட்டி வெச்சா ஆடுவீங்களா?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஆடுவேங்க. ஆனா கதவச் சாத்திகினு ஆடறதுதாங்க எனக்கு வரும்."

"யாராவது பின்னால நின்னு கத்தினா?"

"இனிமே யாருன்னு கேட்டுட்டு ஆடறேங்க."

இந்த முறை மாமாதான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு, "உள்ள வாப்பா. எத்தினி நேரந்தான் ஷூவோட வெயில்ல நிப்ப?" என்றார்.

ஷூவைக் கழற்றுகிற அவசரத்தில் நாடா முடிச்சு விழுந்துவிட்டது. அதை அவிழ்த்து முடிக்கும்வரை இரண்டு பேரும் வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலமே அக்காவுக்குத் தகவல் போய், தை மாதம் கல்யாணம் நடந்தது. இதை எழுதி முடிக்க எனக்குத்தான் இத்தனை வருடம் ஆகிவிட்டது.

2006 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை.